தலை நிமிர வைக்கும் இசை

1/ "டாக்டர், மனசு சோர்ந்து போனா எந்தப் பாட்டு கேட்கலாம்?"னு நிறையப் பேர் கேட்கிறீங்க. முதல்ல ஒண்ணு: இரண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லைன்னா பாட்டு போதாது. மருத்துவரைப் பாருங்க. மத்தபடி, என் சாய்ஸ் ரெண்டு.

2/ பாப் மார்லியின் 'எக்ஸோடஸ்' (1977). 1976 டிசம்பரில் ஜமைக்காவில் அவரைச் சுட்டாங்க. உயிர் தப்பி, லண்டன் போய்ப் பதிவு செய்த ரூட்ஸ் ரெகே ஆல்பம். கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த இசை இது. ஆனா கேட்டுப் பாருங்க, புலம்பலே இருக்காது.

3/ நம்ம பக்கத்திலும் அப்படி ஒருத்தர் இருந்தார். திருவிடைமருதூர்லேர்ந்து மயிலாடுதுறை ரோட்டில் போனா வர்ற திருவாவடுதுறை, நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஊர்.

4/ அந்தக் காலத்தில் நாகஸ்வரக்காரர் பெரிய மனுஷங்க முன்னாடி சட்டையில்லாம நின்னு வாசிக்கணும். இவர் கிராப்பு வெச்சார், கோட்டு போட்டார், மேடையில் சரிசமமா உட்கார்ந்து வாசிச்சார். அவருக்கு நீளமான பாரி நாகஸ்வரம் செஞ்சு கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அதுவும் இதே ரோட்டில்தான்.

5/ அவரோட தோடி யூடியூப்ல இருக்கு. கேட்டா கவலை மறந்துடாது, ஆனா முதுகு தானா நிமிரும். மார்லி கேட்டாலும் அப்படித்தான். ஆய்வு முடிவுன்னு எடுத்துக்காதீங்க, என் கருத்து இது: குனிய மறுத்தவங்க இசை, கேட்கிறவனையும் குனிய விடாது.

6/ அடுத்த கல்யாணத்தில் நாகஸ்வரம் வாசிக்கும்போது டிஜே ஸ்பீக்கரை நிறுத்துங்க. வாசிக்கிறவங்களுக்கு மேடையில் நல்ல இடம், நேரத்துக்குச் சாப்பாடு, பேசின பணம் கொடுங்க. பந்திக்கு ஓடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்க.