21 வயசு ஆகலையா? லைவ் ஷோவுக்கு நோ என்ட்ரி! சியாட்டில் மீண்டது எப்படி?

1990-களில் 'சியாட்டில் இசை' என்று உலகமே கொண்டாடியது. ஆனால், அந்த ஊர் டீன் ஏஜ் ரசிகர்களுக்கு லைவ் ஷோ பார்ப்பதே குதிரைக்கொம்பு. ஏன்?

என்ன தடை?
1985-ல் வந்த 'டீன் டான்ஸ்' சட்டம். சிறுவர்களின் பாதுகாப்புக்காகத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால், 10 லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுக்கணும், போலீஸாரைக் காவலுக்கு வைக்கணும் என்றால் சின்ன அமைப்பாளர்களுக்குக் கட்டுப்படியாகுமா? பலர் ஒதுங்கிட்டாங்க.

பாரில் நடத்தலாமே?
அங்கே நுழைய 21 வயசு ஆகணும். சின்ன அரங்குகள் பலவற்றுக்கு டிக்கெட்டைவிட மது விற்பனைதான் பிழைப்பு. குடிக்காத கூட்டத்துக்காக ஷோ போட்டால் வாடகைகூடத் தேறாது.

எப்படி மாறியது?
2001-ல் மதுவே இல்லாத, எல்லா வயதினரும் வரக்கூடிய 'வேரா புராஜெக்ட்' தொடங்கியது. டிக்கெட் கவுன்ட்டர் முதல் சவுண்ட் வரை இளைஞர்களே தன்னார்வலர்களாகக் கற்றுக்கொண்டு செய்தார்கள். 2002-ல் பழைய சட்டம் நீங்கி, தளர்வான விதிகள் வந்தன.

சிக்கல் தீர்ந்ததா?
முழுசா இல்லை. மது வருமானம் இல்லாததால் நன்கொடையும் அரசு உதவியும் தேவைப்படுகின்றன. அது வீண் செலவா? 16 வயசுல முன்வரிசையில் நின்று கேட்பவர்தான் நாளைக்கு பேண்டு தொடங்குவார், டிக்கெட்டும் வாங்குவார். அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஊரில் அடுத்த தலைமுறை இசைக்கு ஆள் எங்கிருந்து வரும்?