நாற்சில்லு வண்டிக்குக் காபரேற்றரா, இன்ஜெக்ரரா?

மேட்டிலும் சேற்றிலும் ஓடும் பெற்றோல் நாற்சில்லு வண்டியை வாங்க எண்ணும் கமக்காரர், அதன் இயந்திரத்துக்கு எரிபொருள் ஊட்டப்படும் முறையை முதலில் நோக்குதல் வேண்டும்.

காபரேற்றரில், உட்புகும் காற்றின் இழுவையே பெற்றோலை நுண்துளையூடாக எடுக்கின்றது. காற்று ஐதானாலும் அத்துளை மாறாது. ஆகவே சமவெளியிற் செம்மையாய் ஓடிய வண்டி, ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமான நுவரெலியாவிற் பெற்றோல் மிகுந்து வலுக்குன்றும்; பிளக்கிற் கரி படியும். செங்குத்துச் சரிவிலோ மிதவைக் கிண்ணத்தின் மட்டம் பிறழ்ந்து இயந்திரம் திணறும். ஏற்றத்தின் நடுவே அது நின்று வண்டி பின்னோக்கி உருளுமாயின், ஓட்டுபவர் உயிருக்கே ஆபத்தாகும். இன்ஜெக்ரர் முறையிற் காற்றின் அமுக்கத்தையும் வெப்பத்தையும் உணரிகள் அளக்க, அதற்கேற்பப் பெற்றோல் பீச்சப்படுகின்றது. மலைநாட்டார்க்கு இதுவே தக்கது என்பேன்.

சமநிலத்தார்க்கு அவ்வாறு கூறேன். பற்றரி முற்றாக வலுவிழப்பின் எரிபொருட் பம்பி இயங்காது. பழுதறியும் கருவியும் எல்லாக் கிராமங்களிலும் இல்லை. காபரேற்றரையோ ஒரு திருப்புளியைக் கொண்டு வீட்டிலேயே கழற்றித் துப்புரவாக்கலாம். அதன்மீது சுமத்தப்படும் குறைகளுட் பல, உண்மையிற் பழைய பெற்றோலின் குறைகளே. வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதாயின், கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திப் பெற்றோலை வடித்துவிடுக. இல்லையேல் அது பிசினாகி நுண்துளையை அடைத்துவிடும்.