அடையாறு சொன்ன சகோதரத்துவம்

பிரம்மஞான சபையின் முதல் நோக்கம், இனம், மதம், பால், சாதி, நிறம் என்ற வேறுபாடில்லாத மனிதகுலச் சகோதரத்துவம். இதைச் சொல்லித்தான் அடையாறை இன்றும் சாதி கடந்த இடம் என்று சிலர் புகழ்கிறார்கள். அந்தச் சபை கற்பித்த தத்துவத்தையும் சேர்த்துப் படித்தால் இந்தப் புகழ்ச்சி நிற்காது என்பது என் கருத்து.

1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் சபையைத் தொடங்கியபோது சகோதரத்துவம் என்ற பேச்சே இல்லை. பிரபஞ்சத்தை ஆளும் மறைவான விதிகளை ஆராய்வதே அன்றைய குறிக்கோள். 1882இல் தலைமையகம் அடையாறுக்கு வந்தது. திபெத்திய மகாத்மாக்களிடமிருந்து கடிதங்கள் வருவதாகச் சொன்னார்கள். லண்டன் ஆய்வுச் சங்கம் ஒன்றின் சார்பில் இங்கே வந்து விசாரித்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சன், 1885இல் அதை மோசடி என்று அறிக்கை எழுதினார். எனக்கு அந்த வழக்கில் பெரிய அக்கறை இல்லை. கள்ளக் கடிதம் எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கு வெளியே நிறுத்தாது.

நிறுத்தக்கூடியது 1888இல் பிளாவட்ஸ்கி எழுதிய 'இரகசியக் கோட்பாடு'. மனிதகுலம் ஏழு மூல இனங்களாகப் படிப்படியாக வளர்கிறது, இப்போது நடப்பது ஐந்தாவதான ஆரிய இனத்தின் காலம் என்கிறது அது. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் போன்றோர் அழிவதைக் கர்மத்தின் கட்டாயம் என்றும் விளக்குகிறது. நிலத்தைப் பறித்துக் கொன்ற வெள்ளையனுக்கு இதைவிட வசதியான தத்துவம் வேறென்ன வேண்டும்? பிறப்பால் மேல் கீழ் என்பதை நம்பி வந்த பார்ப்பனர்களுக்கும் இது அந்நியமாகத் தெரிந்திருக்காது.

ஆல்காட்டை இதே தட்டில் வைக்க நான் தயாரில்லை. பறையர் பிள்ளைகளுக்காக 1894இல் இலவசப் பள்ளி தொடங்கியவர் அவர். 1898இல் அயோத்திதாசர் இலங்கை சென்று பௌத்தம் ஏற்கத் துணை நின்றவரும் அவரே. ஆனால் அயோத்திதாசர் எடுத்துக்கொண்டது புத்தரை. மூல இனக் கதையை அல்ல.

ஆல்காட் 1907இல் இறந்தபின் தலைவரானவர் அன்னி பெசன்ட். 1909இல் 'இந்தியன் ரெவ்யூ' இதழில் ஒடுக்கப்பட்டோர் கல்வி பற்றி எழுதினார். சேரிப் பிள்ளைகளின் உடல் தலைமுறை தலைமுறையான உணவாலும் குடியாலும் நாற்றமடிக்கிறது. தூய உடலோடு பிறந்த பிள்ளைகளின் அருகே வகுப்பில் உட்காரும் தகுதி வர இன்னும் சில தலைமுறைகள் ஆகும். அதுவரை தனிப்பள்ளி போதும் என்பது அவர் வாதத்தின் சாரம். அம்பேத்கர் இந்தக் கட்டுரையை மறக்கவில்லை. காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்குச் செய்தது என்ன என்று கேட்ட 1945ஆம் ஆண்டு நூலில் அதை எடுத்துப் போட்டார்.

அதே 1909இல், அதே அடையாறு கடற்கரையில், உலக குருவாகப் போகும் சிறுவனை லெட்பீட்டர் 'கண்டுபிடித்தார்'. பார்ப்பனக் குடும்பத்துப் பையன் கிருஷ்ணமூர்த்தி. அப்போது அவர் மெலிந்து, பேன் பிடித்து, கவனிப்பாரற்று இருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய மேரி லட்யன்ஸ் குறிப்பிடுகிறார். அவர் உடல் சுத்தமாக எத்தனை தலைமுறை ஆகும் என்று அங்கே யாரும் கணக்குப் போடவில்லை. பெசன்ட் அவரைத் தன் பிள்ளையாகவே ஏற்று, 1911இல் இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்.