துப்பாக்கிக்கு வார் எதுக்கு?

கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடும் பசங்களிடம் ஏகே-47 பற்றிக் கேட்டுப் பாருங்கள். தோட்டா எத்தனை, விலை எத்தனை, தலையில் பட்டால் என்ன ஆகும் என்று அரைமணி நேரம் பேசுவார்கள். அதைத் தோளில் மாட்டும் வாரை எங்கே கோர்ப்பார்கள் என்று கேட்டால் மட்டும் திருதிருவென முழிப்பார்கள். பாவம், விளையாட்டில் வாருக்கு வேலையே இல்லையே! ஒரு பொத்தானைத் தட்டினால் நாலு கிலோ துப்பாக்கி மாயமாகிக் கைக்குக் கத்தி வந்துவிடுகிறது. சினிமா ஹீரோவும் அப்படித்தான், ஒற்றைக் கையில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலையே ஏறுவார்.

விளையாட்டோடும் சினிமாவோடும் இது நின்றிருந்தால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். துப்பாக்கியை நிஜமாகவே சுமப்பவர்களிலும் பலர் வாரை ஸ்கூல் பை நாடா மாதிரிதான் நினைக்கிறார்கள். கிழிந்தால் கயிறு கட்டுவது, நீளம் சரியில்லை என்றால் அப்படியே தொங்கவிடுவது, அதுவும் இல்லையென்றால் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போவது. இது சின்ன விஷயமா? சாய்த்து வைத்த துப்பாக்கி விழும். அல்லது வேறொருவன் கைக்குப் போகும். காஷ்மீரில் காவலுக்கு நிற்பவர்கள் துப்பாக்கியைச் சங்கிலியால் பெல்ட்டோடு பிணைத்துக்கொள்வது அழகுக்காக அல்ல, பறித்துக்கொண்டு ஓடுவார்கள் என்ற பயத்தால்.

லீ-என்ஃபீல்ட் .303 சுமார் 4 கிலோ எடை. உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் அதற்குப் பிரியாவிடை கொடுத்தது. அந்த எடையை வார் இல்லாமல் எட்டு மணி நேரம் கையில் பிடித்து நின்று பார்த்தால் தெரியும். ஏணி ஏற, ஒருவரைத் தூக்கிவிட, கதவைத் திறக்க, விலங்கு மாட்ட என்று எல்லாவற்றுக்கும் கை காலியாக வேண்டும். வார் இல்லாதவன் அப்போது துப்பாக்கியைக் கீழே வைத்துத்தான் ஆக வேண்டும்.

சுமப்பது வாரின் பாதி வேலைதான். மீதிப் பாதி குறி பார்ப்பது. வலது கைக்காரர் என்றால் இடது மேற்கையில் வாரை வளையமாக இறுக்கி, மறுமுனையைத் துப்பாக்கியின் முன்பக்கம் கோர்த்து, இடது கையை வாருக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்துப் பிடிப்பார்கள். படுத்துச் சுடும்போது துப்பாக்கியின் எடையைத் தசை தாங்காது, வாரும் எலும்பும் தாங்கும். தசை களைக்கும், நடுங்கும். எலும்பு களைக்காது. இவ்வளவுதான் ரகசியம்!

சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. குறி வைத்தபடி இடது கையைத் தளர விட வேண்டும். துப்பாக்கி கீழே இறங்கினால் வார் லூஸ். கை மரத்துப்போனால் டைட். முன்குறி இதயத் துடிப்போடு சேர்ந்து ஆடினால் வளையம் ரத்தக்குழாய் மேல் அழுத்துகிறது, இடத்தை மாற்ற வேண்டும்.

எங்கே கோர்ப்பது என்பதும் முக்கியம். எம்-16 துப்பாக்கியில் முன்வளையம் குழலோடு சேர்ந்த பாகத்தில் இருக்கிறது. வாரைப் பலமாக இழுத்தால் குழலே லேசாக வளைந்து குண்டு படும் இடம் மாறிவிடும். போட்டித் துப்பாக்கிகளில் வாரைக் குழலில் கோர்க்காமல் கட்டையில் கோர்ப்பது இதனால்தான்.

இங்கே சில மேதாவிகள் எழுந்து, "அபினவ் பிந்த்ரா 2008-ல் வார் இல்லாமல்தானே தங்கம் வாங்கினார்?" என்பார்கள். ஆமாம், வாங்கினார். அது 10 மீட்டர் ஏர் ரைபிள். நின்று சுடும் போட்டி, அதில் வாருக்கு அனுமதியே கிடையாது. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியைப் பாருங்கள். மண்டியிட்டும் படுத்தும் சுடும்போது வார் உண்டு, நிற்கும்போது கிடையாது. வாரால் லாபமே இல்லை என்றால் அதற்கு விதி எழுதி எதற்குத் தடுக்க வேண்டும்?

அடுத்த கோஷ்டி அணிவகுப்புக்காரர்கள். வார் துப்பாக்கியோடு ஒட்டி விறைப்பாக நின்றால்தான் அவர்களுக்கு அழகு. அணிவகுப்பில் சரி. அதே விறைப்போடு சுடுதளத்துக்குப் போனால் அந்த வார் தோளிலும் ஏறாது, கையிலும் நுழையாது. அலங்காரத்துக்கு மட்டும் ஒரு பட்டை!

மூன்றாவது கோஷ்டி ஒற்றைக் கொக்கி வார் ரசிகர்கள். ஒரே இடத்தில் மாட்டுவதால் சட்டென்று தோள் மாற்றலாம், சின்ன அறைக்குள் வசதி என்பது உண்மைதான். ஆனால் கையை விட்டால் துப்பாக்கி ஊஞ்சலாடும், முழங்காலில் இடிக்கும், குழல் சொந்தக் காலையே பார்க்கும். நாள் முழுக்கச் சுமப்பவருக்கு முன்னும் பின்னும் கோர்த்து, நீளத்தை இழுத்துக் கூட்டிக் குறைக்கும் இரட்டைக் கொக்கி வார்தான் லாயக்கு.

இதைக் கற்றுக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு அறையைத் திறந்து கண்ணால் பார்ப்பது. பிறகு முறுக்கு இல்லாமல் வாரைக் கோர்ப்பது. தோளில் போடும் முன் பலமாக ஒரு இழு இழுத்துக் கொக்கியைச் சோதிப்பது. ஓடும்போது ஆடாத நீளம் ஒன்று, தோளில் பதிக்கும்போது தடுக்காத நீளம் ஒன்று என்று இரண்டையும் குறித்து வைப்பது. உடுப்பு தடித்தால் மறுபடி அளப்பது. தோல் வார் நனைந்தால் நீளும் என்பதை மறக்காமல் இருப்பது. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மணி நேரப் பாடம்.

அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்துவிட்டுத்தான் குறி தவறுகிறது, துப்பாக்கி பறிபோகிறது என்று புலம்புகிறார்கள். ட்ரிகரைத் தொடும் முன் வாரைக் கட்டக் கற்றுக்கொடுங்கள். வாரைக் கட்டத் தெரியாதவன் கையில் துப்பாக்கி எதுக்கு?