தூள் உப்பு ரசாயனம் என்னும் கூற்று

ஆலையில் சுத்திகரித்த தூள் உப்பு ரசாயனம், உப்பளத்துக் கல் உப்பே இயற்கை உணவு என்னும் கருத்து தமிழ்நாட்டில் வேரூன்றி வருகிறது. ஆரணி போலக் கடலுக்கு எட்டத்திலுள்ள ஊர்களில்தான் அதனால் தீங்கு மிகுதி என்பதால், அக்கருத்தைக் கூறு கூறாக ஆராய வேண்டியுள்ளது.

உப்பளத்தில் வேதியியல் இல்லை என்பது முதற்பிழை. ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள ஏறத்தாழ 35 கிராம் உப்புகளில் முக்கால் பங்குக்குச் சற்று மேற்பட்டதே சோடியம் குளோரைடு. மரக்காணத்திலும் தூத்துக்குடியிலும் வெயிலில் நீர் சுண்டச் சுண்ட, அதன் செறிவைக் காட்டும் போமே அளவு 13 டிகிரியை ஒட்டி ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட் படியத் தொடங்குகிறது. 25 டிகிரியில்தான் சோடியம் குளோரைடு விளைகிறது. 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும் என்பதால், பாத்தியில் எஞ்சிய நீரை அதற்குள் வடித்துவிடுகிறார்கள். கரைதிறன் வேறுபாட்டால் பொருள்களைப் பிரிக்கும் வேதியியலே இது.

ஆலையில் வெளுப்புத்தூள் இடுவதால் உப்பு வெண்மையாகிறது என்பதும் உண்மையன்று. நிறமற்ற சோடியம் குளோரைடு, பொடியாகும்போது ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரிகிறது. உயர் தூய்மை வேண்டுமிடத்து, உப்புநீரில் சோடாவும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, கால்சியத்தைக் கார்பனேட்டாகவும் மெக்னீசியத்தை ஹைட்ராக்சைடாகவும் படியச் செய்து வடிகட்டிவிட்டு, காற்றழுத்தம் குறைந்த கலன்களில் காய்ச்சுகிறார்கள். பட்டுக்குச் சாயமேற்றுவோர்க்கு இவ்வினை புதிதன்று: செரிசின் என்னும் பசையை நீக்க நூலைச் சோப்புநீரில் வேகவைக்கும்போது, கடினநீரிலுள்ள கால்சியம் சோப்போடு கூடித் திரிதிரியாக நூலில் ஒட்டாதவாறு, சோடா அதைக் கார்பனேட்டாக்கிப் பிரித்துவிடுகிறது. அலசியபின் பட்டு பட்டாகவே இருப்பதுபோல, வடிகட்டியபின் உப்பும் உப்பாகவே இருக்கிறது.

கல் உப்பின் கனிமச் சத்து என்பது மிகைக்கூற்று. உண்ணும் உப்பில், ஈரம் நீங்கலாக, 96 விழுக்காடாவது சோடியம் குளோரைடு இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நாள் வரம்பான 5 கிராமில் பிற பொருள்கள் 0.2 கிராமுக்கு மேல் இரா, அதிலும் மண் உண்டு. ஒரு கேழ்வரகுக் களி உருண்டை அதைவிடக் கூடுதல் கால்சியம் தரும்.

மிகவும் ஆபத்தானது, கல் உப்பில் இயற்கையாகவே போதிய அயோடின் உண்டு என்னும் நம்பிக்கை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 0.06 மில்லிகிராம் அயோடினே உள்ளது. அது முழுவதும் உப்பில் தங்கினாலும் கிலோவுக்கு 2 மில்லிகிராம்கூடத் தேறாது, அதிலும் பெரும்பகுதி வடித்துவிடும் நீரோடு போய்விடுகிறது. நுகர்வோர் கைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பதால், பொட்டாசியம் அயோடேட் சேர்க்கப்படுகிறது. கடல் மீன் அரிதாகச் சேரும் உள்நாட்டுக் குடும்பங்களில் அயோடின் குறைபாடு கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கென விற்பது 2006 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டதற்குக் காரணம் இதுவே.

கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொட்டாசியம் பெர்ரோசயனைடின் பெயர் அச்சுறுத்துவது இயல்பே. ஆயினும் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்னும் வரம்புக்குட்பட்ட அச்சேர்மத்தில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால், சமையலின் சூட்டில் அது பிரிவதில்லை.

கல் உப்பின் பதமே வேண்டுவோர்க்கு அயோடின் சேர்த்த கல் உப்பும் கடைகளில் கிடைக்கிறது. சிரிக்கும் சூரியன் முத்திரையைப் பொட்டலத்தில் பார்த்து வாங்கி, ஈரம் படாமல் மூடிவைத்தால் போதும்.