கிளம்பும் வாத்துகள்.. கூவத் தொடங்கும் குயில்கள்.. மாசி, பங்குனியில் பறவைகளுக்கு என்ன ஆச்சு?

தை மாதம் வரை வாத்துக் கூட்டத்தால் நிறைந்திருந்த ஏரி, இப்போ பாதி காலியா இருக்கு. இன்னொரு பக்கம், விடியறதுக்கு முன்னாடியே குயில் சத்தம் எழுப்பி விடுது. பனி விலகி வெயில் ஏறும் இந்த மாதங்களில் பறவைகளிடம் என்ன நடக்கிறது? பார்க்கலாம்.

எந்தப் பறவைகள் கிளம்புது?

நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்துகள், இமயமலையைக் கடந்து லடாக், திபெத், மங்கோலியா போன்ற பகுதிகளுக்குத் திரும்பும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவையும் வடக்கு நோக்கிப் பறக்கும். தென் மாவட்ட வானில் மாலையில் கூட்டமாகச் சுழலும் சூறைக்குருவிகளின் வீடு மத்திய ஆசியா. காலை, மாலை ஆறு மணி வாக்கில் கத்தும் ஆறுமணிக்குருவி மட்டும் இந்தியத் துணைக்கண்டத்தை விட்டுப் போகாது. மத்திய இந்தியா, இமயமலை அடிவாரம் வரைதான் அதன் பயணம்.

வெயில் தாங்காமல் போகிறதா?

அது மட்டும் காரணம் இல்லை. பகல் நேரம் நீள்வதும், பறவையின் உடலுக்குள் இருக்கும் ஆண்டுக் கடிகாரமும்தான் கிளம்பச் சொல்லி உந்துகின்றன. குஞ்சு பொரிக்க இடமும், நீண்ட பகலில் இரையும் வடக்கே அதிகம்.

குயில் இப்போதான் வந்துச்சா?

இல்லை. குயில் வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும் பறவை. காகம் கூடு கட்டும் காலம் நெருங்கும்போது ஆண் குயில் கூவத் தொடங்குகிறது. காகத்தின் கூட்டில்தான் பெண் குயில் முட்டையிடும். அதனால்தான் குயில் இப்போ புதுசா வந்த மாதிரி தோணுது.

இந்த வாரங்கள் ஏன் முக்கியம்?

கிளம்பும் முன் வலசைப் பறவைகள் வயிறு முட்டத் தின்று கொழுப்பைச் சேமிக்கும். அதுதான் வழிச் செலவுக்கான எரிபொருள். சில கரைப்பறவைகளின் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இந்த நேரத்தில் ஏரியில் குப்பை கொட்டுவது, நாய்களை விரட்டவிடுவது, போட்டோவுக்காகக் கூட்டத்தைக் கலைத்துப் பறக்க விடுவது எல்லாம் அந்தச் சேமிப்பைக் கரைக்கும். வலை வைத்துப் பிடிப்பது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சாதாரண ஆட்கள் என்ன செய்யலாம்?

பார்த்ததைப் பதிவு செய்யலாம். 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30 ஆயிரம் பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடி பதிவுகளை வைத்துத் தயாரானது. நீண்டகாலப் போக்கு கணிக்கப்பட்ட 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருப்பது அதில்தான் தெரியவந்தது.

தேதி, இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை. இந்த நாலும் போதும். இ-பேர்ட் செயலியில் இலவசமாகப் பதியலாம். முதலில் பார்த்த நாள் மாதிரியே, கடைசியாகப் பார்த்த நாளும் முக்கியம். பறவைகள் முன்கூட்டியே கிளம்புகின்றனவா, தாமதிக்கின்றனவா என்பது பல வருடப் பதிவுகளை ஒப்பிட்டால்தான் தெரியும்.

ஒண்ணு மட்டும் கவனம்: கூடு கட்டியிருக்கும் இடத்தை லொகேஷனோடு சமூக வலைதளத்தில் போட வேண்டாம். கூட்டம் கூடினால் தாய்ப்பறவை கூட்டையே கைவிட்டுவிடலாம்.