பணிவிடை செய்பவருக்கும் உரிமை உண்டு



"வாப்பாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அவருக்கு ஒரு நாளில் எத்தனை தடவை உடுப்பு மாற்றுகிறார்கள், இரவில் எத்தனை தடவை எழும்புகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. மழை ஓயாத எமது வட்டவளையில் கழுவிய உடுப்பு இரண்டு நாளானாலும் காயாது. நள்ளிரவில் கதவைத் திறந்து பனிமூட்டத்தில் இறங்கிவிடுவாரோ என்ற பயத்தில் கண்ணயராத மகள்மாரும் மருமகள்மாரும் இங்கே உண்டு.

முதுமை மறதி மூளையைப் பாதிக்கும் நோய். பிடிவாதமுமல்ல, சூனியமுமல்ல. 2021இல் உலகில் சுமார் 5 கோடி 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பராமரிப்பு நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தருபவர்கள் பெண்களே.

பெற்றோர் முதுமையடைந்தால் 'சீ' என்றும் சொல்லலாகாது என்பதை அவளுக்கு நினைவூட்ட நாம் மறப்பதில்லை. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் கண்ணுக்கும் உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை அவளுக்கு யார் சொல்வது? வணக்கத்திலேயே உடலின் உரிமை பேணப்பட வேண்டுமாயின், பணிவிடையில் வேண்டாமா?

பெற்றோரைப் பேணும் கடமை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. கொழும்பிலிருந்து பணம் அனுப்பும் மகன்மாரே! பணம் இரவில் கண்விழித்திருக்காது. மாதத்தில் இரண்டு நாளாவது வந்து வாப்பாவோடு இருங்கள். ராத்தா உறங்கட்டும்.

சகோதரியே! அவர் பத்துத் தடவை கேட்டால் வாதாட வேண்டாம். சுருக்கமாகப் பதில் சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். கோபம் வந்தால், அவர் பத்திரமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு சற்று அப்பால் செல்லுங்கள். அது குற்றமாகாது. அவருடைய தொழுகை தவறுகிறதே என்றும் வருந்தாதீர்கள். அறிவுத் தெளிவை இழந்தவர் மீது தொழுகை கடமையில்லை. தெளிவு வந்து போகுமானால் ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். தைரொயிட் குறைபாடு, விட்டமின் பி12 குறைபாடு போன்று சிகிச்சையளிக்கக்கூடிய காரணங்களாலும் மறதி வரலாம். மனம் தாங்காதபோது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். கொழும்பில் 2001இல் தொடங்கப்பட்ட லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் குடும்பத்தினருக்கும் வழிகாட்டுகிறது.

இனி நோயாளியைப் பார்க்கச் சென்றால், பார்த்துக்கொள்பவரிடமும் சுகம் விசாரியுங்கள். ஒரு நேரச் சாப்பாடு கொண்டுசெல்லுங்கள். ஒரு மணி நேரம் அவரிடத்தில் நீங்கள் இருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!